ஒரே பெயரில் இருவர்

பையன்னூர்,
ஆகஸ்ட் 4

அன்புள்ள பிரமீளேச்சிக்கு,

பிரஜினா எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பிரெமனில் இப்போதாவது வெயில் அடிக்கிறதா? இங்கே மழை விட்டபாடில்லை. என் அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே தகவல் சொல்லிவிடுகிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

பயந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். வேழாம்பலில் சேர்க்க ஒரு மென்பொருள் பொதி அனுப்பியிருக்கிறேன். நீங்களெல்லாம் சம்பளமில்லாமல் கட்டி நடத்தும் அந்த இயங்குதளம்தான் நான் ஆதார், சான்றிதழ் வேலை பார்க்கும் அட்சயா மையத்துக் கணினிகளிலும் ஓடுகிறது. உன்மேஷேட்டன் தான் பாடம் எடுக்கும் பள்ளிக்காக எழுதிய 'வரிசை' நிரல் நினைவிருக்கிறதா? பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கொடுத்தால் பிளஸ் ஒன் சேர்க்கைக்குத் தரவரிசைப் பட்டியல் போட்டுத் தருமே, அது. எந்தப் பள்ளியும் சுலபமாக நிறுவிக்கொள்ளும்படி அதைப் பொதியாகக் கட்டினேன். படித்துப் படித்துத்தான் கட்டினேன், தப்பு நிறைய இருக்கும். பரிசீலனைக் குழுவில் உங்கள் பெயரைப் பார்த்தேன். தம்பி மனைவி என்று சலுகை காட்டாதீர்கள்.

ஏட்டன் நன்றாக இருக்கிறார். அவர் போன் மழையில் நனைந்து கெட்டுவிட்டது, அதனால் கூப்பிட்டால் கிடைக்காது.

ஒரு சந்தேகம் மட்டும். பொதியை ஏற்றுக்கொண்டால், நிரலை எழுதியவருக்குத் தானாகவே ஒரு மின்மடல் போகுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஏச்சி.
பிரஜினா

*

பிரெமன்,
ஆகஸ்ட் 19

பிரியமுள்ள பிரஜிமோளே,

முதுகு அதன் இடத்தில் இருக்கிறது, வலியும் அதன் இடத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் பொதியைப் பார்த்ததும் அலுவலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், சந்தோஷத்தில். "என்னாச்சு?" என்றார் பக்கத்து மேசைக்காரர். "என் தம்பி செய்ய வேண்டியதை அவன் பொண்டாட்டி செஞ்சிருக்கா" என்றேன். "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார். உன்மேஷிடம் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், "டேய், ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் படிச்சாத்தான்டா அது முழுசாகும், அனுப்பு" என்று. "பாக்கலாம் ஏச்சி" என்பான், அவ்வளவுதான்.

பரிசீலனையை முறைப்படி பொது மடல் குழுவில் போட்டிருக்கிறேன். எல்லாரும் படிக்கும் இடம், நீயும் அங்கேயே பதில் போடு. பயப்படாதே, சின்னச் சின்னக் குறைகள்தான். பெரிய குறை ஒன்று உண்டு, உரிமம் இல்லை. இதை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று எழுதியவன் தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எங்களால் தொடக்கூட முடியாது. உன்மேஷை ஒரே ஒரு வரி எழுதச் சொல். அது போதும்.

மடல் போகுமா என்று கேட்டாயே, போகும். நிரலில் அவன் கொடுத்திருக்கும் முகவரிக்குத் தானாகவே போகும். ஏன் கேட்டாய்?

அவனை வேறு யார் போனிலிருந்தாவது என்னைக் கூப்பிடச் சொல்.
பிரமீளேச்சி

*

பையன்னூர்,
செப்டம்பர் 9

அன்புள்ள ஏச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது சுகமாக இருந்தோம், இப்போதும் அப்படியே. ஓணத்துக்கு நீங்கள் அனுப்பிய படங்கள் பார்த்தேன். அந்த ஊரில் வாழையிலை எங்கே பிடித்தீர்கள்? இங்கே ஓணம் சாதாரணமாகப் போயிற்று. பாயசம் வைக்கவில்லை.

ஏட்டனுக்குக் கோழிக்கோட்டில் பயிற்சி. வர நாளாகும். உரிமத்துக்கு இது ஆகுமா பாருங்கள். மூன்று வருஷம் முன்னால் ஆசிரியர் குழுவுக்கு அவர் போட்ட மடலில் இப்படி எழுதியிருக்கிறார்: "வரிசை எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்." அவருடைய சொந்த வார்த்தைதானே? அந்த மடலை அப்படியே குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மற்ற குறைகளைத் திருத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று முளைக்கிறது, எது எதனால் வருகிறது என்றே புரியவில்லை. மையத்தில் கூட்டம் வேறு. நேற்று ஒருத்தர் ஆதாரில் பெயரையும் வயதையும் திருத்த வந்தார். "பத்து வயசு குறைச்சலா போட்டிருக்காங்க மோளே." "சரி, மாத்திடலாம் சேட்டா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வேணாம், இருக்கட்டும், பேரை மட்டும் மாத்து" என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

குளிர் தொடங்கும் முன் முதுகுக்கு ஏதாவது வைத்தியம் பாருங்கள்.
பிரஜினா

*

பிரெமன்,
செப்டம்பர் 28

பிரியமுள்ள மோளே,

இங்கே குளிர் வந்துவிட்டது. உங்கள் சுகத்துக்கு என் பிரார்த்தனை, நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ.

உரிமத்தின் மேல் குழுவில் பெரிய சண்டை. பழைய மடல் செல்லுமா செல்லாதா என்று பிரேசில்காரர் ஒருவரும் நானும் ஒரு வாரம் முட்டிக்கொண்டோம். கடைசியில் செல்லும் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகுதான் நிரலை வரி வரியாகப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறான், எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு இடத்தில் அசந்துபோனேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் இருந்தால், ஒரே ஆளை இரண்டு முறை பதிந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது பிள்ளையைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறது. எச்சரிக்கைகூடத் தருவதில்லை. சத்தமில்லாமல் ஒரு பிள்ளை காணாமல் போகும்! உலகத்தில் உன்மேஷ் ஒரே ஒருத்தன்தான் என்ற நினைப்பில் எழுதியிருக்கிறான் போலிருக்கிறது, கேட்டுப் பார். இதைத் திருத்தாமல் ஏற்க முடியாது.

என் பிறந்தநாளுக்கும் அவன் கூப்பிடவில்லை. பயிற்சியில் இருப்பவனுக்கு ஒரு போன்கூடவா கிடைக்காது? நான் ஏதாவது சொல்லிவிட்டேனா?

அன்புடன்,
பிரமீளேச்சி

*

பிரெமன்,
நவம்பர் 3

பிரஜி,

நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அக்டோபர் முழுக்க உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. இரண்டு மடல் போட்டேன், போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

பள்ளிக்கும் போன் செய்தேன். எடுத்தவர், "உன்மேஷ் மாஷா? அவரு நீண்ட லீவுல்ல?" என்றார். "கோழிக்கோட்டுப் பயிற்சிக்குத்தானே போயிருக்கார்?" என்று கேட்டேன். "அப்படியா? எங்களுக்குத் தெரியாதே" என்று வைத்துவிட்டார். நீ பயிற்சி என்கிறாய், அவர் லீவு என்கிறார். எதை நம்புவது?

பதில் வராத பொதிகளைக் கொஞ்ச நாளில் மூடிவிடுவது எங்கள் வழக்கம். உன்னுடையதை மூடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். சலுகை காட்ட வேண்டாம் என்றாய், காட்டிவிட்டேன். ஒரு வரியாவது எழுது.

பிரமீளேச்சி

*

பையன்னூர்,
நவம்பர் 11

அன்புள்ள ஏச்சிக்கு,

மன்னியுங்கள். எனக்குக் காய்ச்சல், பிறகு அம்மாவுக்கு. இப்போது பரவாயில்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன பிழைக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பெயரைப் பார்க்காமல் விண்ணப்ப எண்ணைப் பார்த்து ஆளைப் பிரிக்கும். சரியா என்று தெரியவில்லை. எழுதும்போது பல தடவை எழுந்து எழுந்து போனேன்.

அந்தப் பிழையைப் பற்றி ஏட்டனிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அவர் முகவரிக்கு இப்போது எழுத வேண்டாம். இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இந்தத் திருத்தத்தை நான் செய்ததாக இல்லாமல் அவரே செய்ததாகப் போட முடியுமா?

பிரஜினா

*

பிரெமன்,
நவம்பர் 20

பிரஜினாவுக்கு,

உன் அம்மாவுக்கு உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

முடியாது. எழுதியவர் யாரோ அவர் பெயர்தான் போகும். நல்லதானாலும் கெட்டதானாலும் அதுதான் முறை. திருத்தம் நன்றாக இருக்கிறது, அதில் உன் பெயரைப் போட உனக்கு ஏன் கை கூசுகிறது?

பரிசீலகர் பேச்சு இதோடு முடிந்தது. இனி அவன் அக்கா கேட்கிறேன். கெட்டுப்போன போன், இல்லாத பயிற்சி, கேட்கக் கூடாத பிழை. எனக்குத் தலை சுற்றுகிறது. உங்களுக்குள் சண்டையா? வேறு யாராவது இருக்கிறார்களா? அவனுக்கு ஏதாவது நோயா? எதுவானாலும் நான் தாங்கிக்கொள்வேன். உன் பேச்சில் எங்கே பொய், எங்கே உண்மை என்று இங்கே உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

என் தம்பி எங்கே?

பிரமீளா

*

பையன்னூர்,
டிசம்பர் 2

அன்புள்ள ஏச்சிக்கு,

உங்கள் உடம்பைக் கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்கும் தைரியம் இல்லை.

ஏட்டன் எங்கே என்று எனக்கும் தெரியாது. ஜூனில், பள்ளி திறந்த வாரத்தில் போனார். உயிரோடு இருக்கிறார், அது நிச்சயம். யார் யார் போனிலிருந்தோ எப்போதாவது கூப்பிடுவார். "சுகம்தான். தேடாத பிரஜி. ஏச்சிகிட்ட சொல்லிடாத." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அவர் போன் நனையவில்லை. அலமாரியில் இருக்கிறது, போகும்போது வைத்துவிட்டுப் போனார்.

போன வருஷச் சேர்க்கையில் நடந்தது இது, உங்கள் செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு பள்ளியில் கேட்டுத்தான் முழுசாகத் தெரிந்தது. தீர்த்தா கே. என்று இரண்டு பெண்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒருத்தியின் பெயர் பட்டியலில் வரவில்லை. வர வேண்டிய மதிப்பெண் அவளுக்கு இருந்தது. சயன்ஸ் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை. தெரிந்தபோது எல்லா இடமும் நிரம்பிவிட்டது. அவள் அப்பா பஸ் ஓட்டுபவர். பள்ளிக்கு வந்து சண்டை போட்டிருந்தால்கூட ஏட்டன் தாங்கியிருப்பார். அவர் சண்டை போடவில்லையாம். "கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் மாஷே? நீங்க ஒரு தடவை பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

மறுநாளே அந்த வீட்டுக்குப் போய்த் தன் தப்பு என்று சொல்லிவிடக் கிளம்பினார். பள்ளி மேனேஜர் தடுத்துவிட்டார். "சும்மா இருங்க மாஷே. அந்தப் பிள்ளைக்கு இனி சீட் வரப்போறதில்ல. பள்ளிக்கூடத்துக்குக் கேஸ்தான் வரும்." அவர் சும்மா இருந்தார். அதுதான் அவரைத் தின்றது. வருஷம் முழுக்கச் சும்மா இருந்தார் ஏச்சி, வீட்டிலும். நான் கேட்டபோதெல்லாம், "என் ப்ரோக்ராம் ஒரு பொண்ணைத் தொலைச்சிடுச்சு" என்பார். எப்படி என்று சொல்லமாட்டார். அந்தக் கோப்பைத் திறக்கவும் மாட்டார். இந்த ஜூனில் பள்ளியில் மறுபடி அதே நிரலை ஓட்டச் சொன்னார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பொதியை ஏன் அனுப்பினேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உங்களைப் போல நாலு பேர் படித்துவிட்டு, "இதில் தப்பே இல்லை, யாரோ தட்டச்சில் விட்டிருக்கிறார்கள்" என்று சொல்வீர்கள், ஏற்றுக்கொண்டதாக அவருக்கு மடல் போகும், பார்த்துவிட்டு வருவார் என்று ஒரு கணக்கு. தப்பு உள்ளேதான் இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. அவர் ஒரு வருஷமாகச் சொல்லாததை நீங்கள் விளையாட்டாக நாலு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை மையத்தில் படித்தேன். எதிரில் நின்றவர், "கரண்ட் போயிடுச்சா மோளே, ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டார்.

அக்டோபரில் அந்தப் பெண்ணே ஏதோ சான்றிதழுக்கு மையத்துக்கு வந்தாள். படிவத்தில் அதே பெயர், தீர்த்தா கே. என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். "ஹியூமானிட்டீஸ், பிளஸ் டூ." பிடிச்சிருக்கா என்றேன். "தெரியல ஏச்சி. சில நாள் பிடிக்குது, சில நாள் அழுகையா வருது" என்றாள். நான் யாரென்று சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துதான் திருத்தத்தை எழுத ஆரம்பித்தேன்.

அவர் என்னை விட்டுப் போனாரா, அந்தத் தப்பை விட்டுப் போனாரா? இதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாள் பாவமாக இருக்கிறது, ஒரு நாள் அந்த அலமாரியை உடைக்கத் தோன்றுகிறது.

பிரஜினா

*

பிரெமன்,
ஜனவரி 6

என் பிரஜிமோளே,

நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? முதலில் அதைச் சொல்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். முதலில் உன் மேல் கோபம், பிறகு அவன் மேல், பிறகு அந்த மேனேஜர் மேல். ஊருக்கு வந்துவிடலாம் என்று டிக்கெட் பார்த்தேன். வந்து எங்கே போய்த் தேடுவது? உனக்கு ஆறுதலாக எழுத உட்கார்ந்தால், "உன்மேஷ் ஒரே ஒருத்தன்தான்" என்று கிண்டலாக எழுதிய வரிதான் கண் முன் நின்றது.

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். உன் திருத்தத்தை நானும் இன்னும் இருவரும் படித்தோம். பொதியோடு போகும் குறிப்பில் பிழையை மறைக்காமல் எழுதினேன்: "முந்தைய வடிவம் ஒரே பெயர் கொண்டவர்களில் ஒருவரை விட்டுவிட்டது. இதனால் ஒரு மாணவிக்கு இடம் கிடைக்காமல் போனது. திருத்தியவர்: பிரஜினா." பள்ளியின் பெயரோ பிள்ளையின் பெயரோ இல்லை. இப்படி எழுதலாமா என்று குழுவில் கேட்டேன். பிரேசில்காரர்தான் முதலில், "எழுதத்தான் வேண்டும்" என்றார். "நானும் ஒரு காலத்தில் ஒரு ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டைக் குழப்பியிருக்கிறேன்" என்று எல்லாரும் படிக்கும்படி எழுதினார். அவர் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு பிழையோடு. அந்த மடல்கள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன, யாரும் படிக்கலாம்.

பொதியை ஏற்றுக்கொண்டுவிட்டோம். அவனுக்கு மடல் போய்விட்டது. அது கூடாதோ என்று போன பிறகு தோன்றியது. அதிகம் எதிர்பார்க்காதே மோளே. எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஏச்சி

*

பிரெமன்,
பிப்ரவரி 14

பிரஜி,

அவசரமாக எழுதுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இன்று காலை பொது மடல் குழுவில் இது வந்தது. அவன் முகவரியிலிருந்துதான்:

"வரிசை பொதியின் பராமரிப்பாளருக்கு. புதிய திருத்தத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கையால் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு எண் இருக்காது. எண் இல்லாத இருவரை நிரல் மறுபடியும் ஒருவர் என்றே எடுத்துக்கொள்ளும். மலைப்பக்கப் பிள்ளைகள் கையால்தான் எழுதித் தருவார்கள். அடுத்த சேர்க்கைக்குள் சரிசெய்தாக வேண்டும். — உன்மேஷ்."

நாங்கள் மூன்று பேர் படித்தும் எங்கள் கண்ணில் படவில்லை!

பரிசீலகராக மட்டும் பதில் போட்டேன்: "சரியாகச் சொன்னீர்கள். திருத்தம் அனுப்ப முடியுமா?" எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடி ஓடிவிடுவானோ, கேட்காவிட்டால் அக்காவுக்கு அக்கறையில்லை என்று நினைப்பானோ தெரியவில்லை. பொதியைக் கட்டியவள் நீ, அதனால் பராமரிப்பாளர் நீதான். அடுத்த பதில் உன்னுடையது.

ஏச்சி

*

பையன்னூர்,
மார்ச் 22

அன்புள்ள ஏச்சிக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதி நாளாயிற்று. உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

பொதுவில் நாங்கள் எழுதிக்கொண்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். "மதிப்புக்குரிய பராமரிப்பாளருக்கு" என்று அவர், "மதிப்புக்குரிய ஆசிரியருக்கு" என்று நான். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். வீட்டு விஷயம் ஒரு வார்த்தை இல்லை. எண் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று மட்டும் பத்துப் பதினைந்து மடல். கடைசி மடலின் அடியில், "இதை நேரில் பேசினால் சுலபம்" என்று போட்டிருந்தார். "வாருங்கள்" என்று போட்டேன்.

போன ஞாயிறு வந்தார். புத்தூரில் ஒரு நண்பரின் பாக்குக் கிடங்கில் இருந்தாராம். இளைத்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே, "முதல்ல அங்க போகணும். நீயும் வர்றியா?" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பஸ்காரர் வீட்டில் இருந்தார். ஏட்டன் எல்லாவற்றையும் சொன்னார், எந்த இடத்தில் எந்த வரி தப்பு என்பது வரை. அவருக்கு அதில் பாதி விளங்கியிருக்காது. கேட்டுவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாஷே. நான் என்ன உங்களை வெட்டியா போட்டிருப்பேன்?" என்றார். தீர்த்தா உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அட்சயா ஏச்சியா? அப்போ அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். உள்ளே போய்விட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. தேநீர் கொடுத்தார்கள், குடித்தோம். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். அவர் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், ஸ்டாப் வந்துவிட்டது.

ஜூனில் பள்ளிக்குப் போவதாகச் சொல்கிறார். மேனேஜருக்கும் எழுதிவிட்டார். என்ன வருமோ தெரியாது. என்னிடம் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் போனார், நான் என்ன ஆவேன் என்று நினைத்தாரா, எதுவும் இல்லை. சாப்பிடுகிறார், அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்க்கிறார், திருத்தம் எழுதுகிறார்.

இன்று காலை திருத்தத்தை எழுதி முடித்துக் குழுவுக்கு அனுப்பினார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நிரல் சரியாகவே இருந்தது. என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற விளக்கம் மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஏற்க முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

பிறகு உள்ளேயிருந்து, "பிரஜி, சரியாத்தானே இருக்கு? இதுல என்ன தப்பு?" என்றார்.

"பொதுவுல கேளுங்க" என்றேன்.

கேட்டிருக்கிறார். பதில் எழுதப் போகிறேன். உங்களுக்கும் வரும், படியுங்கள் ஏச்சி.

உங்கள்,
பிரஜினா